கோபுரம் இடம் மாறிய பின் எங்கள் வட்டார வானொலி: ஏழு மாதம் கேட்டவனின் மதிப்பீடு

எங்கள் வட்டாரத்துச் சமுதாய வானொலியின் ஒலிபரப்புக் கோபுரம் கடைத்தெருவை விட்டு ஊருக்குக் கிழக்கே வயல்வெளிக்குப் போய் ஏழு மாதங்கள் ஆகின்றன. இந்த ஏழு மாதமும் காலை ஒலிபரப்பை வீட்டிலும் மாலை ஒலிபரப்பைப் பெரும்பாலும் வெளியிலும் கேட்டு வந்திருக்கிறேன். முப்பது ஆண்டுகள் ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுதுபார்க்கும் கடை நடத்தியவன் என்பதால், ஒரு நிலையம் நன்றாகக் கேட்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஏன் நன்றாகக் கேட்கிறது என்றும் பார்ப்பது என் வழக்கம். இடமாற்றம் நல்ல வேலை. நிலையத்தாரைப் பாராட்டியே ஆக வேண்டும். செய்த விதத்தில் சில குறைகள் உண்டு, அவை சரிசெய்யக் கூடியவை. ஆனால் நிலையத்தின் வாசலில் 'டிஜிட்டல் ஒலிபரப்பு தொடங்கிவிட்டது' என்று எழுதி வைத்திருப்பது உண்மையல்ல. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடை. நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிந்து, கிளை வாய்க்கால்களில் நுழைந்து, எல்லோருக்கும் பிறகு எங்கள் மடைக்கு வந்து சேரும். மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறந்தாலும் எங்கள் வயலில் ஈரம் படுவதற்கு நாட்கள் ஆகும். அந்த நாட்களில் மேட்டூரின் நீர்மட்டம் எத்தனை அடி, கல்லணையில் எத்தனை கன அடி பிரித்து விட்டார்கள், எந்த வாய்க்காலுக்கு முறை வந்திருக்கிறது என்பதைக் கேட்காமல் இங்கே யாரும் நாற்றங்காலில் இறங்குவதில்லை. ரேடியோவுக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு புதிதன்று. 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி, 1960-களில் ஆடுதுறை 27 என்னும் நெல் ரகத்தைப் பற்றி நாள்தோறும் சொல்லிச் சொல்லி, தஞ்சை மாவட்ட உழவர்கள் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் தகப்பனார் அந்தப் பெயரைத்தான் சொல்வார். ஆடுதுறை 27 என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

திருச்சி நிலையம் பெரியது. மாவட்டம் மாவட்டமாகப் பேசும். எங்கள் தெரு வாய்க்காலைப் பற்றி அது பேச இயலாது. அந்த இடத்தைத்தான் எங்கள் சமுதாய வானொலி நிரப்புகிறது. இத்தகைய நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க அனுமதி இல்லை. ஆனால் வானிலை, மின்தடை, குடிநீர், உள்ளூர் நிகழ்வுகள் போன்றவற்றை அறிவிக்கலாம். அந்த அறிவிப்புகளை எங்கள் நிலையத்துப் பெண்கள் படிக்கும் அழகே தனி. எந்தத் தெருவில் எந்த நேரத்தில் மின்சாரம் நிற்கும் என்பதை, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வது போலச் சொல்வார்கள்.

பழைய கோபுரம் கடைத்தெருவில் ஒரு மாடிக் கட்டடத்தின் மேல் நின்றது. தரையிலிருந்து ஏரியலின் உயரம் 16 மீட்டர்தான். நிலையம் தொடங்கிய காலத்தில் சுற்றிலும் ஓட்டு வீடுகள் இருந்ததால் அது போதுமானதாக இருந்தது. பிறகு தெற்கே ஒரு திருமண மண்டபமும் கிழக்கே மூன்று மாடி வணிக வளாகமும் எழுந்தன. அலை அவற்றில் பட்டுத் திரும்பி, நேராக வரும் அலையோடு கலந்து, ஒரே தெருவில் ஒரு வீட்டில் கணீரென்றும் அடுத்த வீட்டில் கரகரவென்றும் கேட்கும். பெட்டியை ஒரு சாண் நகர்த்தினால் தெளிவாகும். கையை எடுத்தால் மறுபடி இரையும். கடைக்கு வந்த பெட்டிகளில் பாதிக்கு உண்மையில் எந்தப் பழுதும் இருந்ததில்லை.

சமுதாய வானொலிக்குத் திறனை உயர்த்திக்கொள்ளும் வசதி கிடையாது. பொதுவாக 100 வாட் பயனுறு திறன்தான், அதாவது ஏரியலிலிருந்து காற்றில் கிளம்பும் திறன்தான், அனுமதி. ஏரியலின் உயரம் 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. கோபுரத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவதற்கும் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு ஒப்புதல் தர வேண்டும். ஆகவே நிலையத்தின் கையில் இருந்தவை இரண்டே இரண்டு: தடையில்லாத இடம், சட்டம் அனுமதிக்கும் முழு உயரம். இரண்டையும் சரியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். டெல்டாவைப் போன்ற சமதரையில் இதன் பலன் மிகப் பெரிது. மேடு பள்ளம் இல்லாத நிலத்தில், தொலைவில் இருக்கும் பெட்டிக்கு வந்து சேரும் சிக்னலைப் பொறுத்தவரை, ஏரியலின் உயரத்தை இரு மடங்காக்குவது டிரான்ஸ்மிட்டரின் திறனை நான்கு மடங்காக்குவதற்குச் சமம். 16 மீட்டரிலிருந்து 30 மீட்டர் என்பது கிட்டத்தட்ட இரு மடங்கு. மின் கட்டணத்தில் ஒரு ரூபாய் கூடாமல் இந்த ஆதாயம் கிடைத்திருக்கிறது.

புதிய இடத்தை நேரில் பார்க்கக் கேட்டபோது நிலையத்தில் தயங்காமல் அனுமதித்தார்கள். பொறுப்பில் இருக்கும் இளைஞர், "வாங்க ஐயா, குறை இருந்தா சொல்லுங்க" என்று வரப்பு வழியாகக் கூட்டிப் போனார். ஒரு சிறிய அறை, அதன் பக்கத்தில் முக்கோண வடிவ இரும்புச் சட்டக் கோபுரம், மூன்று திசையிலும் இழுத்துக் கட்டிய கம்பிகள். துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள். உப்புக் காற்று வீசும் எங்கள் பக்கத்தில் வெறும் பெயின்ட் இரண்டு ஐப்பசியைத் தாண்டாது. கம்பிகளை முறுக்கும் திருகுகளில் கிரீஸ் தடவிச் சாக்குத் துணி சுற்றியிருந்தார்கள். இடிதாங்கியிலிருந்து செம்புப் பட்டை தனியாகத் தரைக்கு இறங்குகிறது. டிரான்ஸ்மிட்டருக்கு வேறு எர்த். இரண்டையும் தரையில் ஒன்றோடொன்று இணைத்தும் இருக்கிறார்கள்; இணைக்காமல் விடும் தவற்றைப் பெரிய கடைகளிலேயே நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் மனத்தை உறுத்தியது. டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஏரியலுக்குப் போகும் கேபிள் பழைய இடத்தில் 20 மீட்டர் இருந்திருக்கிறது. இங்கே 42 மீட்டர் தேவை. பழைய அரை அங்குலக் கேபிளையே எடுத்து, அதோடு இன்னொரு துண்டைச் சேர்த்து, சேர்த்த இடத்தில் வீட்டு வயரிங்குக்குப் போடும் கறுப்பு டேப்பைச் சுற்றியிருந்தார்கள். டேப்பின் ஓரம் வெயிலில் இளகிப் பிரிந்து, உள்ளே பசுமை படர்ந்த செம்பு தெரிந்தது. பண்பலை அலைவரிசையில் அரை அங்குலக் கேபிள் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 2 டெசிபல் இழக்கும். 42 மீட்டரில் டிரான்ஸ்மிட்டர் தரும் திறனில் ஐந்தில் ஒரு பங்குக்கு நெருக்கமாகக் கேபிளிலேயே சூடாகிப் போய்விடும். ஈரம் புகுந்த ஒட்டு என்றால் இழப்பு இன்னும் கூடும். அந்த ஒட்டில் பட்டு டிரான்ஸ்மிட்டருக்கே திரும்பி வரும் சக்தி அதன் கடைசிப் பெருக்கியைக் கெடுக்கும். முக்கால் அங்குலத்துக்கு மேற்பட்ட தடித்த கேபிளை ஒட்டில்லாமல் ஒரே நீளமாகப் போட்டால் இழப்பு பாதியாகக் குறையும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வாரத்தில் ஒட்டைப் பிரித்து, நீர் புகாத ரப்பர் டேப் சுற்றிவிட்டதாகத் தகவல் சொன்னார்கள். தடித்த கேபிளுக்கு இன்னும் பணம் சேரவில்லை. ஊரில் யாராவது உதவ நினைத்தால் இதற்குச் செய்யலாம். ஒலிபெருக்கி, மேடை என்று கொடுப்பதைவிட இது ஆயிரம் பேர் காதுக்குப் போய்ச் சேரும்.

இனி கேட்கும் அனுபவம். முள் வைத்த சிறிய பெட்டி ஒன்றை வண்டியில் வைத்துக்கொண்டு, நாலு திசையிலும் போய்ப் பார்த்தேன். முன்பு தெற்கே முத்துப்பேட்டைச் சாலையில் 8 கிலோமீட்டர் தாண்டினால் பாட்டும் பேச்சும் இரைச்சலில் மூழ்கிவிடும். இப்போது 13 கிலோமீட்டர் வரை, சம்பா பயிருக்கு நடுவே நிறுத்திக் கேட்டாலும், மூச்சு விடுவது வரை கேட்கிறது. கிழக்கே அதைவிடவும் சற்றுக் கூடுதல். வடக்கே சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் மட்டும் கொஞ்சம் தள்ளாடுகிறது. பம்புசெட் கொட்டகையில் பாலித்தீன் உறைக்குள் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டி வைத்திருக்கும் பெட்டிகளில் எல்லாம் எங்கள் நிலையம் பாடிக்கொண்டிருப்பதை இந்தப் பயணத்தில்தான் கண்ணால் பார்த்தேன். கடையில் உட்கார்ந்திருந்த காலத்தில் எனக்கு அது தெரியாது.

மேற்கில்தான் இழப்பு. பழைய கோபுரத்துக்கு 5 கிலோமீட்டரில் இருந்த இரண்டு சிற்றூர்களுக்கு இப்போது 8 கிலோமீட்டர். நடுவில் ஊரின் கட்டடங்கள் முழுவதும் குறுக்கே நிற்கின்றன, அதன் பிறகு தென்னந்தோப்பு. அங்கே வீட்டுக்கு உள்ளே வைத்தால் கேட்பதில்லை. வாசலுக்குக் கொண்டுவந்தால் கேட்கிறது. இதை நிலையம் எதிர்பார்த்திருக்க வேண்டும். இடம் மாறுவதற்கு முன் அந்த ஊர்களில் ஒரு நாள் போய்ச் சொல்லியிருக்கவும் வேண்டும். சொல்லவில்லை. அது மட்டுமன்று. மாற்றும் வேலை நடந்த ஒன்பது நாட்களும் ஒலிபரப்பு நின்றது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. நிலையத்தையே மூடிவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பி, மூன்றாம் நாள் தேநீர்க் கடையில் ஒருவர் அதை உறுதியான செய்தி போல என்னிடமே சொன்னார். அறிவிப்பதையே வேலையாகக் கொண்ட நிலையம் தன் செய்தியை அறிவிக்காமல் விட்டது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

இன்னொரு குறை தொடர்ந்து நடப்பது. கோபுரம் மாறினாலும் கலையகம் கடைத்தெருவிலேயே இருக்கிறது. நிகழ்ச்சிகள் அங்கிருந்து இணைய இணைப்பு வழியாகக் கோபுரத்துக்குப் போகின்றன. மழைக்காலத்தில் அந்த இணைப்பு அறுந்துவிடுகிறது. கார்த்திகையில் ஒரு மாலை, வேளாண் அறிவிப்பு பாதியில் நின்று 22 நிமிடம் ஒன்றும் வரவில்லை. அது இரைச்சல் இல்லாத மௌனம்; அலை வந்துகொண்டிருக்கிறது, அதில் ஏறிவர ஒலி இல்லை என்பது அதன் பொருள். டிரான்ஸ்மிட்டரும் கோபுரமும் நன்றாக இருக்கும்போதே, நடுவில் ஒரு கம்பி அறுந்ததால் நிலையம் ஊமையாகிறது. இதற்குத் தீர்வு கடினமானதன்று. இணைப்பு அறுந்தவுடன் தானாக ஓடத் தொடங்கும்படி, கோபுரத்து அறையில் பென்டிரைவில் பதிவு செய்த நிகழ்ச்சிகளை வைக்கலாம். புயல் அறிவிப்பு நாட்களில் ஒருவர் ஒலிவாங்கியோடு அந்த அறையிலேயே இருக்கலாம்.

இப்போது டிஜிட்டல் விவகாரம். இடமாற்றத்தோடு சேர்த்து, நிலையத்தின் வாசலிலும் துண்டறிக்கையிலும் டிஜிட்டல் ஒலிபரப்பு தொடங்கிவிட்டது என்று எழுதினார்கள். அடுத்த வாரமே என் பழைய வாடிக்கையாளர் ஒருவர், மிக நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, "தம்பி, இது இனி ஆகாதாமே, புதுசுதான் வாங்கணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அவரைப் போல எத்தனை பேர் கேட்காமலேயே பெட்டியைப் பரணில் ஏற்றினார்களோ என்று எண்ணித்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

உண்மை நிலை இதுதான். கலையகத்தில் நிகழ்ச்சிகள் கணினியில் தயாராகின்றன. அவை டிஜிட்டல் வடிவில் கோபுரத்துக்குப் போகின்றன. செல்போன் செயலி வழியாகவும் கேட்கலாம். ஆனால் கோபுரத்திலிருந்து காற்றில் கிளம்புவது எப்போதும் போன்ற அனலாக் பண்பலைதான். எந்தப் பழைய பெட்டியும் அதை எடுக்கும். டிஜிட்டல் ஒலிபரப்பு என்பது, காற்றில் போகும் அலையே எண்களாகப் போவது. அதற்குத் தனி வகை ரேடியோ வேண்டும். இந்தியாவில் அகில இந்திய வானொலி அதற்காக டிஆர்எம் (டிஜிட்டல் ரேடியோ மாண்டியல்) என்னும் முறையைத் தேர்ந்துகொண்டு, மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்கள் பலவற்றை அதற்கு ஏற்ப மாற்றியது. நம் டெல்டா முழுவதும் கேட்கும் திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸ், 100 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரும் அவற்றில் ஒன்று. அம்முறையில் ஒரே அலைவரிசையில் ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை அனுப்பலாம். மின்சாரம் குறைவாகச் செலவாகும். ஒலியும் சுத்தமாக இருக்கும். ஆனால் அதை எடுக்கும் பெட்டி நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை. சில புதிய கார்களில் மட்டும் பொருத்தி வருகிறது. பண்பலையைப் பொறுத்தவரை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018-இல் டிஜிட்டல் ஒலிபரப்பு பற்றிப் பரிந்துரை அளித்தது. தனியார் நிலையங்களுக்கான கொள்கைக்காக 2024-இல் மறுபடி கருத்துக் கேட்டது. பெருநகரங்களில் எப்படித் தொடங்குவது என்பதில்தான் பேச்சே நிற்கிறது. 100 வாட் சமுதாய வானொலிக்கு அது வந்து சேர வேண்டிய தொலைவு அதிகம்.

அது வந்தாலும் கடைமடைக்காரர்கள் ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். அனலாக் சிக்னல் தூரம் போகப் போக மெல்ல மங்கும். இரைச்சலுக்கு நடுவே "நாளை கடலுக்குப் போக வேண்டாம்" என்ற சொல் காதில் விழுந்துவிடும். டிஜிட்டலோ ஓர் எல்லை வரை கண்ணாடி போல வரும். அந்த எல்லையைத் தாண்டினால் ஒரு சொல்லும் வராது. எல்லையிலேயே குடியிருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

செயலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நன்றாக இருக்கிறது. திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்கு அது பெரிய ஆறுதல். 64 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் ஏறத்தாழ 29 எம்பி செலவாகும்; இன்றைய டேட்டா கணக்கில் அது பொருட்டில்லை. பெட்டியையும் செல்போனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது செல்போன் முக்கால் நிமிடம் பின்தங்கியது. பெட்டியில் நாதஸ்வரம் முடிந்து அறிவிப்பாளர் வணக்கம் சொன்ன பிறகும் செல்போனில் தவில் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் பரவாயில்லை. ஆனால் செல்போன் கோபுரம் நின்றால் செயலியும் நிற்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பின், எங்கள் பகுதியில் தென்னைகளும் மின்கம்பங்களும் சாய்ந்து, மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. செல்போன்கள் வெறும் தகடுகளாகக் கிடந்தன. எங்கள் தெருவில் இரண்டு செல் போட்ட ஒரு பெட்டியைச் சுற்றிப் பதினைந்து இருபது பேர் உட்கார்ந்து திருச்சி வானொலியைக் கேட்டோம். செல்லை மிச்சம் பிடிக்க, செய்தி நேரத்துக்கு மட்டும் திறந்து உடனே மூடுவோம்.

அதனால்தான் புதிய கோபுரத்து அறையில் நான் மிகக் கவலையோடு பார்த்தது மின்சார ஏற்பாட்டை. ஓர் இன்வெர்ட்டர், ஒரே ஒரு 150 ஆம்பியர் மணி பேட்டரி. இந்த டிரான்ஸ்மிட்டர் இரண்டு மூன்று மின்விசிறிகளின் அளவுக்குத்தான் மின்சாரம் எடுக்கும் என்பதால் ஏழு மணி நேரம் தாங்கும். சாதாரண மின்தடைக்கு அது போதும், புயலுக்குப் போதாது. சுற்றிலும் மரமோ நிழலோ இல்லாத வெட்டவெளி. கூரையில் சூரியத் தகடுகள் போட்டு இன்னும் இரண்டு பேட்டரி சேர்த்தால், ஊரே இருண்டு கிடக்கும் நாளிலும் இந்த நிலையம் பேசும். டிஜிட்டல் என்று பலகை எழுதிய செலவில் ஒரு தகடாவது வந்திருக்கும். அடுத்த ஐப்பசிக்குள் இதை முடித்துவிட வேண்டும் என்று நிலையத்தாரிடம் கேட்டிருக்கிறேன், மறுக்கவில்லை.

மேற்குச் சிற்றூர்களுக்கு உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அங்கே தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர், ஏழு மாதமாகக் காலை நிகழ்ச்சி வருவதில்லை என்று குறைப்பட்டார். தையல் எந்திரத்தை விட்டு வாசலுக்குப் போய்க் கேட்கவும் அவருக்கு வசதியில்லை. 80 சென்டிமீட்டர் அளவுக்கு நீட்டிய பெட்டியின் ஏரியலில், மேலுறை சீவிய மெல்லிய செம்புக் கம்பியின் ஒரு நுனியைச் சுற்றி, மறு நுனியை ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, கிழக்குப் பக்கத்து இறவாணத்துக்கு மேலே ஒரு மூங்கிலில் நிமிர்த்திக் கட்டினேன். மொத்தம் மூன்று மீட்டர் கம்பி. விலை பத்து ரூபாய்க்குள். பேருந்து போகும்போது மட்டும் கொஞ்சம் இரைகிறது. மற்ற நேரத்தில் எந்திரத்தின் சத்தத்துக்கு மேலே அறிவிப்பாளரின் குரல் தெளிவாக வருகிறது. இந்தக் கம்பி கட்டும் முறையை நிலையமே காலை நிகழ்ச்சியில் ஒரு வாரம் சொல்ல வேண்டும். அந்த இரண்டு ஊர்களிலும் காலை நிகழ்ச்சி வீட்டுக்குள் கேட்பதில்லை என்பதால், பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடையிலும் எழுதி ஒட்டவும் வேண்டும்.